டிசம்பர் பென்ஷன் ஏறல, லைஃப் சர்டிபிகேட் நவம்பர்லயே கொடுத்தாச்சு – யாராவது உதவி பண்ணுங்க

குடியாத்தம்_மகன் | ஜனவரி 2, காலை 7:50

அம்மாவுக்கு மிலிட்டரி பென்ஷன். நவம்பர் 12ஆம் தேதியே ஜீவன் பிரமாண் (ஆதார் வெச்சுப் போடற டிஜிட்டல் லைஃப் சர்டிபிகேட்) போட்டாச்சு, போனுக்கு மெசேஜும் வந்துச்சு. நவம்பர் பணம் ஏறுச்சு, டிசம்பர் பணம் ஏறல. பேங்க்ல கேட்டா "எங்க கையில இல்ல, ஸ்பர்ஷ்ல பாருங்க"ன்றாங்க. ஸ்பர்ஷ்னா மிலிட்டரி பென்ஷன் கொடுக்கற ஆன்லைன் சிஸ்டமாம். எங்க போகணும், என்ன எடுத்துட்டுப் போகணும்? அவசரம், மாத்திரை வாங்கணும்.

சிக்னல்ஸ்_நாயக் | காலை 8:15

தம்பி, இதை வெச்சு யாராலயும் எதுவும் சொல்ல முடியாது. ஆர்மியா, நேவியா, ஏர்ஃபோர்ஸா? அம்மாவே சர்வீஸ்ல இருந்தவங்களா, இல்ல அப்பா தவறினப்புறம் வர்ற ஃபேமிலி பென்ஷனா? ஜீவன் பிரமாணை எங்க போட்டீங்க: போன்லயா, பேங்க்லயா, வெளியில சென்டர்லயா? எந்த பி.பி.ஓ. நம்பர் (பென்ஷன் ஆணை எண்) கொடுத்தீங்க? அந்த சர்டிபிகேட்டை டவுன்லோட் பண்ணி, ஆதார் நம்பரையும் பிரமாண் ஐடியையும் (அந்தச் சர்டிபிகேட்டோட நம்பர்) மறைச்சிட்டு, மத்த வரிகளை அப்படியே இங்க எழுதுங்க.

வெலிங்டன்_எழுத்தர் | காலை 8:40

பேர் பொருந்தியிருக்காது. நம்ம ஊர்ல பத்துக்கு எட்டு கேஸ் இதுதான். டிஸ்சார்ஜ் புக்குல "லட்சுமி"ன்னு இருக்கும், ஆதார்ல "லட்சுமியம்மாள்"னு இருக்கும். இனிஷியல் கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா பேரு, ஆதார்ல புருஷன் பேரு. இப்பவே நோட்டரி அஃபிடவிட் எடுத்து, ரெண்டு பேப்பர்ல விளம்பரம் கொடுத்து, ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பிடுங்க. தள்ளிப்போட்டா இன்னும் இழுக்கும்.

பழைய_ஆவணம் | காலை 9:05

ஆண்டுதோறும் ஜனவரியில் இதே கேள்வி வருகிறது. கேட்பதற்கு முன் பழைய இழைகளைப் புரட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும். மறுபடியும் சொல்கிறேன், இந்த முறையாவது குறித்துக்கொள்ளுங்கள்.

ஜீவன் பிரமாண் வேறு, ஸ்பர்ஷ் வேறு. விரல் ரேகையோ முகமோ ஆதாருடன் ஒத்துப்போவது முதல் படி. பிரமாண் ஐடி உருவாகி மெசேஜ் வருவது இரண்டாம் படி. அந்தச் சான்று பென்ஷன் கொடுப்பவரிடம் போய்ச் சேர்ந்து, அவர் ஏற்றுக்கொள்வது மூன்றாம் படி. உங்களுக்கு வந்த மெசேஜ் இரண்டாம் படிக்கானது. மூன்றாம் படி நடக்கவில்லை, அவ்வளவுதான்.

வெலிங்டன் நண்பரே, பெயர்த் திருத்தத்தை ஏன் நடுவில் இழுக்கிறீர்கள்? நவம்பர் வரை பணம் வந்திருக்கிறதே!

பாஸ்புக் | காலை 9:30

எனக்கென்னமோ ஐ.எஃப்.எஸ்.சி. மாறியிருக்கும்னு தோணுது. 2020 ஏப்ரல் 1ஆம் தேதி பேங்குகள் இணைஞ்சப்ப நிறைய கிளைகளுக்குக் கோடு மாறிடுச்சு. ஸ்பர்ஷ்ல பழைய கோடு இருந்தா பணம் திரும்பிப் போகும்.

சிக்னல்ஸ்_நாயக் | காலை 9:42

அதே கணக்குலதான் நவம்பர் பணம் ஏறியிருக்கு. கோடு மாறியிருந்தா அப்பவே நின்னிருக்கும்.

பாஸ்புக் | காலை 9:50

அப்போ ஏழு வருஷக் கணக்கா இருக்கலாம். அப்பா தவறி ஏழு வருஷம் முடிஞ்சா கூடுதல் ஃபேமிலி பென்ஷன் முடிஞ்சிடும்ல?

பழைய_ஆவணம் | காலை 10:10

முடிந்தால், கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதமாக இருப்பது 30 சதவீதமாகக் குறையும். பணமே நின்றுபோகாது. அதுவும் ஓய்வுக்குப் பின் இறந்தவர் என்றால், ஏழு ஆண்டு அல்லது அவருக்கு 67 வயது நிறைந்திருக்க வேண்டிய நாள், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரைதான். அரைகுறையாகத் தெரிந்ததை வைத்து ஒரு தாயைப் பயமுறுத்தாதீர்கள்.

குடியாத்தம்_மகன் | மதியம் 1:20

மன்னிக்கணும் சார், வேலைக்கு வந்துட்டேன். அப்பா ஆர்மி, ஹவில்தார். 2019ல தவறிட்டார், அப்போ 75 வயசு. அம்மாவுக்கு ஃபேமிலி பென்ஷன். அம்மாவுக்கு 80 நடக்குது. போன வருஷம் பேங்க்ல நேர்ல போய்க் கொடுத்தோம், பிரச்சனை வரல. இந்த வருஷம் நடக்க முடியலன்னு தெரு முனையில இருக்கற பிரவுசிங் சென்டர்ல கைரேகை வெச்சோம். சர்டிபிகேட்ல இருக்கறது இது:

பென்ஷன் வகை: சர்வீஸ்
அனுமதி அளித்தவர்: டிஃபென்ஸ் – பி.சி.டி.ஏ. (பி) அலகாபாத்
பட்டுவாடா செய்பவர்: (எங்க பேங்க் பேரு போட்டிருக்கு)
பி.பி.ஓ. நம்பர்: எஸ்-ல ஆரம்பிக்குது, நடுவுல சாய்கோடு, கடைசியில 1987
மறுபடி வேலை: இல்லை
மறுமணம்: இல்லை

சிக்னல்ஸ்_நாயக் | மதியம் 1:38

இப்ப விளங்கிடுச்சு தம்பி. ஆதார் சரி, கைரேகை சரி, கீழ மூணு வரி தப்பு.

ஒண்ணு, பென்ஷன் வகை. அம்மாவுக்கு "ஃபேமிலி"ன்னு வரணும், "சர்வீஸ்" அப்பாவோடது. ரெண்டு, பட்டுவாடா செய்பவர். பணம் பேங்க் கணக்குக்கு வந்தாலும் அதைக் கொடுக்கறது இப்போ பேங்க் இல்ல. "ஸ்பர்ஷ் – பி.சி.டி.ஏ. (பென்ஷன்ஸ்) அலகாபாத்"னு தேர்ந்தெடுக்கணும். பி.சி.டி.ஏ.ன்னா பாதுகாப்புத் துறையோட கணக்கு அலுவலகம். ஊர் பேரு பிரயாக்ராஜ்னு மாறினாலும் அந்தப் பட்டியல்ல அலகாபாத்னுதான் தேடணும். மூணு, பி.பி.ஓ. எஸ்-னு ஆரம்பிச்சுச் சாய்கோடு போட்டு வர்றது அப்பாவோட பழைய நம்பர். ஸ்பர்ஷுக்கு மாத்தினப்ப புதுசா ஒரு நம்பர் கொடுத்திருக்காங்க, அதுல எழுத்தும் இருக்காது, சாய்கோடும் இருக்காது.

அதனால உங்க சர்டிபிகேட் நேரா பேங்க்குக்குப் போய்ப் படுத்திருக்கு. ஸ்பர்ஷைப் பொறுத்தவரை அம்மா இந்த வருஷம் எதுவுமே கொடுக்கல. போன வருஷம் பேங்க்ல போட்டப்ப அவங்க சரியா ஸ்பர்ஷுக்குப் போட்டிருப்பாங்க.

தப்பாப் போட்டதைத் திருத்த முடியாது, திருத்தவும் வேண்டாம். புதுசா ஒண்ணு போடுங்க. ஏத்துக்கிட்டா நின்ன மாசத்துப் பணமும் அரியரா சேர்ந்து வந்துடும், ஒரு பைசா போகாது.

வான்படை_மருமகள் | மதியம் 2:05

சகோதரரே, அம்மாவால நடக்க முடியலன்னா உங்க போன்லயே முடிச்சிடலாம். ரெண்டு ஆப் வேணும்: "ஆதார் ஃபேஸ் ஆர்.டி.", "ஜீவன் பிரமாண்". முதல் ஆப்பை ஏத்தினதும் போன் திரையில அதோட படமே தெரியாது. ஏறலன்னு நினைச்சு மறுபடி மறுபடி ஏத்தாதீங்க, அது உள்ள இருந்தே வேலை செய்யும்.

ஜீவன் பிரமாண் திறந்ததும் முதல்ல "ஆபரேட்டர்" பதிவு கேட்கும். அது நீங்க: உங்க ஆதார், உங்க மொபைல், மெயில், உங்க முகம். ஒரு போனுக்கு ஒரு தடவை போதும். இங்க அம்மா ஆதாரைப் போட்டுக் குழப்பிக்கறவங்க நிறைய பேர். அடுத்த பக்கத்துலதான் அம்மா ஆதார். பேரை ஆதார்ல இருக்கற மாதிரியே எழுத்துக்கு எழுத்து அடிங்க, இனிஷியல் எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கமே.

முகம் எடுக்கும்போது அம்மாவை ஜன்னலைப் பார்த்து உட்கார வைங்க. ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தா முகம் கறுத்துப்போய் நிராகரிக்கும். கண்ணாடியைக் கழட்டிடுங்க. வட்டத்துக்குள்ள முகம் வந்ததும் ஒரு தடவை மெதுவா கண்ணை மூடித் திறக்கணும். கண்புரை ஆபரேஷன் ஆனவங்க கண்ணை இடுக்கிப் பார்ப்பாங்க, அப்போ இமைக்கறது பதிவாகாது. "அம்மா, என்னைப் பாருங்க"ன்னு போனுக்குப் பின்னாடி நின்னு கூப்பிட்டா நேரா பார்ப்பாங்க.

கடைசிப் பக்கத்துல "மறுபடி வேலையில் இருக்கிறாரா", "மறுமணம் ஆனதா" ரெண்டுக்கும் இல்லைன்னு இருக்கான்னு விரல் வெச்சுப் பார்த்துட்டு அனுப்புங்க.

போன்ல வரலன்னா தபால்காரர் வீட்டுக்கே வருவார். அஞ்சலகப் பேமென்ட்ஸ் பேங்க் சேவை அது, 70 ரூபாய். ஆனா அவர்கிட்டயும் அந்த மூணு வரியைத் துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுங்க, வாயால சொல்லாதீங்க.

குடியாத்தம்_மகன் | மதியம் 2:30

புது பி.பி.ஓ. நம்பர் எங்க இருக்கும்? வீட்ல பழைய பேப்பர்தான் இருக்கு.

சிக்னல்ஸ்_நாயக் | மதியம் 2:41

அம்மா போன்ல "ஸ்பர்ஷ்"னு தேடுங்க, பழைய எஸ்.எம்.எஸ்.ல இருக்கும். இல்லன்னா ஸ்பர்ஷ் பென்ஷன் ஸ்லிப்புல. அதுவும் இல்லன்னா உங்களுக்கு வேலூர் டி.பி.டி.ஓ. (ராணுவ பென்ஷன் பட்டுவாடா அலுவலகம்) பக்கம்தானே? அம்மாவோட ஆதார், பான், பழைய பி.பி.ஓ., பாஸ்புக் முதல் பக்கம், அப்பாவோட இறப்புச் சான்று, எல்லாம் ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க. ஸ்பர்ஷ்ல அம்மா ஆதார் நம்பர் ஏறியிருக்கான்னும் அங்கேயே கேட்டுப் பாருங்க. அது காலியா இருந்தா மூணு வரியும் சரியா போட்டாலும் சான்று ஒட்டாது.

மாத்திரைக்காகக் காத்திருக்காதீங்க. பென்ஷன் நின்னா இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) நிக்காது. கார்டு அம்மா பேர்ல மாத்தியாச்சுன்னா பாலிகிளினிக்ல மருந்து வாங்கிக்கலாம்.

தஞ்சை_ஓய்வு | மாலை 5:15

ஒண்ணை எல்லாரும் விட்டுட்டீங்க. அம்மாவுக்கு 80 நடக்குதுன்னா 20 சதவீதக் கூடுதல் பென்ஷன் போன பிறந்தநாள்லேர்ந்தே வந்திருக்கணும். 79 முடிஞ்சா 80ஆவது வருஷம் ஆரம்பம். கௌகாத்தி உயர் நீதிமன்றம் 2018ல அப்படித்தான் தீர்ப்புச் சொல்லிச்சு. மனு போடுங்க.

பழைய_ஆவணம் | மாலை 5:40

இந்தத் தீர்ப்பை எத்தனை முறை இழுப்பீர்கள்? அது ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தொடுத்த வழக்கு, நீதிபதிகளின் சம்பளச் சட்டத்தின் 17பி பிரிவைப் பற்றியது. படைவீரர் பென்ஷன் ஆணையைப் பற்றியது அல்ல. நம் ஆணையில் இருப்பது "80 வயது முதல் 85க்குக் குறைவாக". 80 நிறைய வேண்டும். அந்த நீதிபதிகள் சட்டத்துக்கே 2021 டிசம்பரில் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்து, வயது நிறையும் மாதத்தின் முதல் நாளிலிருந்துதான் என்று தெளிவாக்கிவிட்டது.

தஞ்சை_ஓய்வு | மாலை 6:02

சட்டம் தெரிஞ்சவங்க கொஞ்சம் மரியாதையா சொல்லலாம். அந்தத் தீர்ப்பை எதிர்த்து அரசு போன மனுவை உச்ச நீதிமன்றம் 2019ல தள்ளுபடி பண்ணிச்சே? 79 வயசுல இருக்கறவங்களுக்கு ஒரு வருஷம்னா அது சின்ன விஷயமா?

பழைய_ஆவணம் | மாலை 6:20

தள்ளுபடியானதும் அந்த வழக்கோடு நிற்பது. ஒரு வருடம் பெரிது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கிடைக்காத ஒன்றுக்காக ஒரு விதவையை வக்கீல் வீட்டுக்கு அலையவிடுவதை நான் ஏற்கமாட்டேன்.

வெலிங்டன்_எழுத்தர் | மாலை 6:45

ரெண்டு பேரும் நிறுத்துங்க, அதைவிட முக்கியமானது ஒண்ணு இருக்கு. அந்தக் காலத்து பி.பி.ஓ.ல மனைவி பேர் மட்டும் இருக்கும், பிறந்த தேதி இருக்காது. ஸ்பர்ஷுக்கு மாத்தினப்ப அந்தக் கட்டம் காலியாவே வந்திருந்தா, 80 முடிஞ்சாலும் கணினிக்குத் தெரியாது, கூடுதல் தானா ஏறாது. இதுல என்னோட பேர் சமாச்சாரமும் சேருது: ஆதார்லயும் பான்லயும் பிறந்த தேதி வேற வேறயா இருந்தா அப்போதான் நிஜமான அலைச்சல். நோட்டரி, விளம்பரம்னு காலையில சொன்னது அவசரப்பட்டது, அதுக்கு இப்போ செலவு பண்ண வேண்டாம் தம்பி.

சிக்னல்ஸ்_நாயக் | இரவு 7:10

இது சரி. குறைஞ்சபட்சம் 9,000 ரூபாயை வெச்சே பார்த்தாலும் 20 சதவீதம் மாசம் 1,800, அது மேல அகவிலை நிவாரணம் வேற. பிறந்தது ஆகஸ்ட் 14ன்னா, 80 முடியற வருஷம் ஆகஸ்ட் 1லேர்ந்தே வரணும். டி.பி.டி.ஓ. போறப்பவே ஸ்பர்ஷ் புரொஃபைல்ல அம்மா பிறந்த தேதி இருக்கான்னு பார்த்துடுங்க. 80 முடிஞ்சவங்க அக்டோபர் 1லேர்ந்தே லைஃப் சர்டிபிகேட் கொடுக்கலாம், நவம்பர் கூட்டத்துல நிக்க வேண்டாம். அந்தச் சலுகைக்கும் தேதி பதிவாகியிருக்கணும்.

கடற்படை_விசாகன் | ஜனவரி 4, காலை 10:00

இதே பிரச்சனைதான், நான் நேவி. அனுமதி அளித்தவர் இடத்துல அலகாபாத்தான் போட்டிருக்கேன். அதனால நின்னிருக்குமா?

சிக்னல்ஸ்_நாயக் | காலை 10:25

ஆமாங்க. அனுமதி நேவிக்கு பி.சி.டி.ஏ. (நேவி) மும்பை, ஏர்ஃபோர்ஸுக்கு ஜே.சி.டி.ஏ. (ஏ.எஃப்.) சுப்ரதோ பார்க், ஆர்மிக்கு அலகாபாத். பட்டுவாடா மட்டும் மூணு பேருக்கும் ஸ்பர்ஷ்தான். புதுசா போடுங்க. போட்டதும் ஸ்பர்ஷ்ல லாகின் பண்ணி, அடுத்த அடையாளத் தேதி (மறுபடி லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டிய நாள்) ஒரு வருஷம் தள்ளிப் போயிருக்கான்னு சில நாள் கழிச்சுப் பாருங்க. அது மாறினாத்தான் ஏத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். மெசேஜை நம்பாதீங்க.

குடியாத்தம்_மகன் | ஜனவரி 31, இரவு 9:12

5ஆம் தேதி வீட்லயே முகம் வெச்சுப் போட்டேன், மூணாவது தடவை எடுத்துச்சு. நேத்து ரெண்டு மாசப் பணமும் சேர்ந்து ஏறிடுச்சு. எல்லாருக்கும் ரொம்ப நன்றி சார், போன்ல போடற வழி சொன்ன வான்படை மருமகள் அம்மாவுக்கும் நன்றி.

வெலிங்டன்_எழுத்தர் | இரவு 9:40

சந்தோஷம் தம்பி. பிறந்த தேதி கட்டத்தைப் பார்த்தீங்களா?

வெலிங்டன்_எழுத்தர் | பிப்ரவரி 9, காலை 8:30

தம்பி, பிறந்த தேதி?