வெள்ளைச் சட்டை, கறுப்பு பேட்ஜ்: உங்களிடமும் வந்தார்களா?

சிஞ்சுவாசி:

2018இல் தைவானின் சிஞ்சுவில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சிக்னலில் நிற்கிறேன், பக்கத்தில் இரண்டு சைக்கிள்கள். ஹெல்மெட், டை, வியர்வையில் முதுகோடு ஒட்டிய வெள்ளைச் சட்டை. நெட்டையன் சீனத்தில் ஏதோ கேட்டான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வந்து மூன்று வருஷமாகியும் கடையில் விலை கேட்க மட்டும்தான் எனக்குச் சீனம். அவன் வந்து எட்டே மாசமாம்.

மார்மன் மிஷனரிகள், அதாவது மார்மன் என்கிற அமெரிக்கச் சபையின் சார்பில் மதம் பரப்ப வந்தவர்கள். பேட்ஜில் 'எல்டர்' என்று இருந்தது. மூப்பர் என்று அர்த்தம். வயசு 19!

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டோம். நானும் அறைத்தோழனும் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்தோம். இரண்டு பேரும் சட்டியை வழித்துவிட்டார்கள். அப்புறம் டீ போடப் போனேன், வேண்டாம் என்றார்கள். டீ, காபி, மது, புகையிலை எதுவும் கூடாதாம். தைவானில் இருந்துகொண்டு டீயை மறுப்பது லேசான காரியமா? போகிற வீட்டிலெல்லாம் டீதானே முதலில் வரும். பூசணிக்காய்ச் சாறு, பார்லித் தண்ணீர் என்று சமாளிக்கிறார்களாம். சரி, சுக்கு காபி தரலாம் என்று பெயரைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. சுக்கு, மல்லி, கருப்பட்டி மட்டும்தான், காபித்தூளே கிடையாது என்று டப்பாவைத் திறந்து காட்டினேன். குட்டையன் முகர்ந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் நெட்டையன் வாயில் வைத்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் இன்னொரு டம்ளர் கேட்டான்.

காலை 6:30க்கு எழ வேண்டும், இரவு 10:30க்குள் படுக்க வேண்டும். குளியலறை தவிர எங்கேயும் தனியாகப் போகக்கூடாது. சினிமா கிடையாது, காதல் கிடையாது. இரண்டு வருஷம் இப்படி. கூட இருப்பவனைப் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வாய் என்று நெட்டையனைக் கேட்டேன். குட்டையனைப் பார்த்துச் சிரித்தான். "ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் வரும்" என்றான். குட்டையனும் சிரித்தான்.

அம்மாவிடம் எப்போது பேசினாய் என்று என் அறைத்தோழன் கேட்டதும்தான் சிரிப்பு நின்றது. அன்னையர் தினத்தன்று பேசினானாம், இனிமேல் கிறிஸ்துமஸுக்குத்தான். நடுவில் வாரம் ஒரு மின்னஞ்சல். விடுதியில் சேர்ந்த முதல் மாசம் நான் தினமும் இரண்டு தடவை வீட்டுக்கு போன் போட்டவன். எனக்குப் பேச்சே வரவில்லை.

யூட்டா தம்பி:

அண்ணா, நான் இருப்பதே அவர்கள் ஊரில். மார்மன் சபையின் தலைமையகம் இங்கே அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில்தான். என் டீமில் பாதிப் பேர் இப்படி மிஷனரியாகப் போய்வந்தவர்கள்தான். எந்த நாடு என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. முன்பெல்லாம் சபைத் தலைமை அனுப்பும் கடிதத்தைக் குடும்பமே கூடிப் பிரித்துப் பார்க்குமாம். சம்பளமும் இல்லை. அமெரிக்கப் பிள்ளைகளுக்கு மாசம் 400 டாலர் வீட்டிலிருந்து கட்ட வேண்டியிருந்தது, 2020 ஜூலையில் அது 500 ஆனது. என் மேனேஜர் பிரேசில் போனவர். இன்றும் கோபம் வந்தால் போர்த்துகீசியம்தான்.

ஈசூன் அக்கா:

சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் இரண்டு பெண் பிள்ளைகள் என்னிடம் பேச வந்தார்கள். பெண்களுக்கு 18 மாசமாம். ஏதோ விற்க வருகிறார்கள் என்று நினைத்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டேன். போனில் யாருமே இல்லை. என் மகளுக்கும் அப்போது அதே வயசுதான்.

தம்பி, உங்களை மதம் மாறச் சொல்லவில்லையா?

சிஞ்சுவாசி:

சொன்னார்கள் அக்கா, மறைக்க என்ன இருக்கிறது? புத்தகம் கொடுத்தார்கள், ஜெபம் செய்து பார்க்கச் சொன்னார்கள். எனக்கு முருகன் போதும் என்றேன். அதற்குப் பிறகும் மாசத்தில் ஒருநாள் வந்தார்கள், சுக்குக்காகத்தான் என்று நினைக்கிறேன். நெட்டையனுக்குத் திடீரென்று மாற்றல் வந்தது, சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டான்.

2019 பிப்ரவரியில் சபை விதியை மாற்றியது. வாரம் ஒருநாள் வீட்டோடு பேசலாம், வீடியோவிலும் பேசலாம். அடுத்த தடவை குட்டையன் புதுக் கூட்டாளியோடு வந்தான், முகமெல்லாம் பல். சுக்கு காபியை எப்படிப் போடுவது என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தானாம். அமெரிக்காவின் ஐடஹோவில் கருப்பட்டிக்கு எங்கே போவாள்? இஞ்சித்தூளில் வெள்ளைச் சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு, "இதற்கா இவ்வளவு பில்டப்?" என்கிற மாதிரி கேட்டாளாம்.