ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்குத் தாங்கும் ஸ்கோப் எது?

பொள்ளாச்சி பக்கம் எங்கள் தென்னந்தோப்பில், மணல் மூட்டை அடுக்கி 20 மீட்டரில் காகித இலக்கு சுடுகிறேன். துப்பாக்கி .177 அங்குல ஸ்பிரிங் பிஸ்டன் (சுருள்வில் தள்ளும் காற்றில் குண்டு பாயும் வகை), ஆற்றல் 20 ஜூலுக்குள், ஸ்கோப் மாட்ட மேலே 11 மில்லிமீட்டர் டவ்டெயில் பள்ளம். நான்கு மாதமாகத்தான் பழக்கம்.

இரண்டு மாதம் முன் ஒரு 3-9x40 ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி; 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 40 மில்லிமீட்டர்) வாங்கினேன். ஏறக்குறைய 150 குண்டு வரை சரி. அப்புறம் ஜீரோ, அதாவது குறுக்குக்கோடு காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி வைத்த அமைப்பு, நிற்கவே இல்லை. ஸ்கோப்பின் திருகை 10 கிளிக் திருப்பினால் இந்தத் தூரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் நகர வேண்டும். முதலில் அசையாது, நான்கு குண்டு போன பிறகு திடீரென்று தாவும். 9 மடங்கில் இலக்கு மங்கல். கன்னத்தைக் கொஞ்சம் நகர்த்தினாலே குறுக்குக்கோடு கறுப்பு வட்டத்தை விட்டு விலகிப் போகிறது.

ஸ்கோப்பைப் பிடிக்கும் மவுண்ட் பின்னால் நழுவிய கீறல் டவ்டெயிலில் தெரிந்தது. நழுவாமல் தடுக்கும் ஸ்டாப் பின் உள்ள, ஒரே துண்டாக வரும் மவுண்ட் மாற்றினேன், நழுவல் நின்றது, தாவல் நிற்கவில்லை. மூன்று வகை பெல்லட் போட்டுப் பார்த்தேன். ஸ்கோப்பைக் கழற்றி இரும்பு சைட்டில் சுட்டால் ஐந்து குண்டும் மூன்று சென்டிமீட்டருக்குள் விழுகிறது. எனவே துப்பாக்கியில் குறை இல்லை. ஸ்பிரிங் துப்பாக்கி பின்னாலும் முன்னாலுமாக இரண்டு முறை உதைப்பதில் ஸ்கோப்பின் உள்பாகம் தளர்ந்துவிட்டது என்றே நினைக்கிறேன். திருப்பித் தரும் காலமும் முடிந்துவிட்டது.

பட்ஜெட் 8,000 ரூபாய். வேட்டை கிடையாது, 10 முதல் 25 மீட்டர் இலக்கு மட்டும்.

ஸ்பிரிங் துப்பாக்கியில் ஆயிரம் குண்டாவது சுட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: இந்த விலைக்குள் 10 மீட்டர் வரை பேரலாக்ஸை (கண் நகர்ந்தால் குறுக்குக்கோடு விலகுவதை) முன்லென்ஸைத் திருப்பிச் சரிசெய்யக்கூடிய 3-9x40 ஏஓ வாங்கலாமா, இல்லை 4 மடங்கு மட்டும் பெரிதாக்கும் நிலையான 4x32 போதுமா?