எபோலா வார்டிலிருந்து திரும்பியவர்களும் 21 நாள் தனிமையும்: நாம் கண்டதும் கேட்டதும்

எடிசன்வாசி:

2014 அக்டோபர் கடைசி வாரம் நியூ ஜெர்சியில் இருந்தவர்களுக்கு மறந்திருக்காது. 23ஆம் தேதி வியாழக்கிழமை நியூயார்க்கில் டாக்டர் கிரெய்க் ஸ்பென்சருக்கு எபோலா (அப்போது மேற்கு ஆப்பிரிக்காவில் பரவிக்கொண்டிருந்த உயிர்க்கொல்லித் தொற்றுநோய்) என்று உறுதியானது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்காகக் கினியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள் சப்வேயில் போனார், புரூக்ளினில் பவுலிங் ஆடினார் என்று டிவியில் வரைபடம் போட்டுப் போட்டுக் காட்டினார்கள். மறுநாளே கவர்னர்கள் கிறிஸ் கிறிஸ்டியும் ஆண்ட்ரூ குவோமோவும் ஒன்றாக மேடையேறி, மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா நோயாளிகளைத் தொட்டு வேலை செய்துவிட்டு வரும் எல்லோருக்கும் 21 நாள் கட்டாயத் தனிமை என்று அறிவித்தார்கள். நவம்பர் 4ஆம் தேதி தேர்தல். அதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வெள்ளிக்கிழமை நியூவார்க்கில் வந்து இறங்கியவர்தான் நர்ஸ் கேசி ஹிக்காக்ஸ். சியரா லியோனில் போ என்ற ஊரில் பணி முடித்து வந்தவர். மணிக்கணக்கில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். நெற்றியில் காட்டிய தெர்மாமீட்டர் 101 டிகிரி என்றது. கோபத்தில் முகம் சூடேறிப் போயிருந்தது என்று அவர் பிறகு சொன்னார். ஆஸ்பத்திரியில் வாயில் வைத்துப் பார்த்தபோது காய்ச்சல் இல்லை, ரத்தப் பரிசோதனையிலும் எபோலா இல்லை. ஆனாலும் திங்கள்கிழமைவரை ஆஸ்பத்திரியோடு ஒட்டிய ஒரு கூடாரத்தில் வைத்திருந்தார்கள். குளிக்க வசதி இல்லை, உடுத்தக் காகித உடை, எங்கோ கட்டட வேலை நடக்கும் இடத்தில் வைப்பதுபோல ஒரு தற்காலிகக் கழிப்பறை.

எடிசனில் ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடைகளில் நம் ஆட்கள் பேசிக்கொண்டதை நான் கேட்டேன். "படிச்ச பொம்பளைதானே, மூணு வாரம் சும்மா இருந்தா என்ன குறைஞ்சு போகும்?" இது பொதுவான குரல். என் பிள்ளைகள் படித்த வார இறுதித் தமிழ் வகுப்பில் ஓர் அம்மா நியூவார்க் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீஷியன். ஆப்பிரிக்கா பக்கமே போகாதவர். "கொஞ்ச நாளைக்கு நீங்க கார்லயே இருந்து பிள்ளையை இறக்கி விட்டுடுங்க" என்று அவரிடம் நாசூக்காகச் சொன்னார்கள். அவரும் சிரித்துக்கொண்டே சரி என்றார். வீட்டுக்கு வந்து என் மனைவி (அவளும் நர்ஸ்) கேட்டது இது: உட்காரச் சொல்கிறார்கள் சரி, அந்த மாத வாடகையை யார் கட்டுவார்கள்?

குவோமோ ஞாயிறு இரவே கொஞ்சம் இறங்கி வந்தார். வீட்டிலேயே தனிமையில் இருக்கலாம், வேலை செய்யும் இடத்தில் சம்பளம் தராவிட்டால் மாநிலம் ஈடு செய்யும் என்றார். அது தலைப்புச் செய்தி ஆகவில்லை. இந்த மாதிரி உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ நடந்திருந்தால் எழுதுங்கள்.

நைட்டூட்டி:

அந்தச் சமயம் நான் மன்ஹாட்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தேன். எபோலா நோயாளியின் அறைக்கு நான் போனதே இல்லை, வேறு மாடி. அப்படியும் வழக்கமாக முடி வெட்டிக்கொள்ளும் பார்லரில், எங்கே வேலை என்று தெரிந்ததும் "இன்னிக்கு அப்பாயின்ட்மென்ட் இல்லை" என்றார்கள். நாற்காலி எல்லாம் காலியாக இருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொண்ட அக்கா இரண்டு நாள் உடம்பு சரியில்லை என்றார், அப்புறம் வரவே இல்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் இரண்டு பிள்ளைகள்.

எங்களுக்குள் அப்போது பேசிச் சிரித்த ஒரு விஷயம்: எபோலா நோயாளியை நியூயார்க்கிலேயே பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கு இந்த 21 நாள் கட்டாயம் கிடையாது! ஷிஃப்ட் முடிந்ததும் காய்ச்சல் பார்த்து எழுதிவிட்டு, அதே சப்வேயில் வீட்டுக்குப் போனார்கள். அதே வேலையைச் சியரா லியோனில் செய்துவிட்டு வந்தவருக்குத்தான் கூடாரம். ஊருக்குள் இருப்பவர்களையும் அடைத்துப் போட்டால் வார்டை நடத்த ஆள் இருக்காது என்பது கவர்னர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது.

டாலஸ்காரன்:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், நான் மறுபக்கம் சொல்கிறேன். டாலஸில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். தாமஸ் எரிக் டங்கன் லைபீரியாவிலிருந்து வந்தவர். செப்டம்பரில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஆன்டிபயாட்டிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுபடி ஆம்புலன்ஸில் போய்ச் சேர்ந்து, அக்டோபர் 8ஆம் தேதி இறந்தார். எந்த அமெரிக்க ஆஸ்பத்திரியும் எபோலாவைச் சமாளிக்கும் என்று அதற்குச் சில நாள் முன்புவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்துக்கொண்ட இரண்டு நர்ஸ்களுக்கும் தொற்றியது. அதில் ஒருவர் லேசான காய்ச்சல் இருக்கிறது, விமானம் ஏறலாமா என்று அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியிடமே கேட்டுவிட்டுத்தான் ஏறினார். அந்த விமானத்தில் 132 பேர்.

அதற்குப் பிறகும் "அறிகுறி வராமல் தொற்றாது, நம்புங்கள்" என்றால் சாதாரண ஆள் எப்படி நம்புவான்? ராணுவத்தையே பாருங்கள். லைபீரியாவிலிருந்து திரும்பிய ஜெனரலையும் அவரோடு வந்தவர்களையும் இத்தாலியில் தனியே வைத்தார்கள். அக்டோபர் முடிவதற்குள் பாதுகாப்புச் செயலர் சக் ஹேகல் எல்லா வீரர்களுக்கும் 21 நாள் என்று கையெழுத்துப் போட்டார். சிப்பாய்க்கு ஒரு நியாயம், டாக்டருக்கு ஒரு நியாயமா? என் மகள் பள்ளியில் இதைக் கேட்ட அப்பா அம்மாக்களில் ஒருவர்கூட முட்டாள் இல்லை.

லண்டன் மருத்துவர்:

டாலஸ் தம்பி கேட்பது நியாயமான கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே பிரிட்டன் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸில் இருப்பவன். 2014 கடைசியில் சியரா லியோன் தலைநகர் ஃப்ரீடவுனுக்கு வெளியே ஒரு சிகிச்சை மையத்தில் வேலை செய்தேன்.

கவச உடைக்குள் ஒரு மணி நேரம் நிற்பதே பெரிய பாடு. கண்ணாடிக்குள் வேர்வை நிறைந்து ஊசி குத்தும் இடம் தெரியாது. அதனால் யாரும் தனியாக உள்ளே போவதில்லை, இருவர் இருவராகத்தான். வெளியே வந்ததும் உடையைக் கழற்றுவதுதான் ஆபத்தான கட்டம். ஒருவர் எதிரே நின்று ஒவ்வொரு படியாகச் சொல்லுவார், ஒவ்வொன்றுக்கும் இடையில் குளோரின் தண்ணீரில் கை. ஊர் முழுக்க யாரும் கைகுலுக்குவது இல்லை, முழங்கையை முட்டிக்கொள்வதோடு சரி. திரும்பி வந்து ஒரு மாதம் ஆகியும், யாராவது கை நீட்டினால் என் கை தன்பாட்டில் பின்னால் போகும்.

எபோலா உடம்புக்குள் போய் அறிகுறி வர 2 முதல் 21 நாள். அதற்கு முன் ரத்தத்தில் கிருமி மிகக் குறைவு. நோய் முற்ற முற்றத்தான் வாந்தியிலும் பேதியிலும் ரத்தத்திலும் கோடிக்கணக்கில் பெருகும். இதற்குச் சாட்சி உங்கள் டாலஸிலேயே இருக்கிறது, தம்பி. டங்கனோடு ஒரே வீட்டில், அவருக்குக் காய்ச்சல் தொடங்கிய பிறகும் கூடவே இருந்த குடும்பத்தில் ஒருவருக்கும் வரவில்லை. கடைசி நாட்களில் தீவிர சிகிச்சையில் தொட்டவர்களுக்குத்தான் வந்தது. அந்த 132 பேரிலும் யாருக்கும் இல்லை. ஸ்பென்சர் ஏறிய சப்வேயிலும் இல்லை.

ஆனால் கண்காணிப்பை ஒழுங்காகச் செய்ய வேண்டும். இங்கே எங்களை யாரும் அடைத்து வைக்கவில்லை. காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்துச் சொல்ல வேண்டும், 21 நாள் நோயாளிகளைத் தொட வேண்டாம் என்று என் ஆஸ்பத்திரி சொன்னது, சம்பளம் வந்தது. அதே ஏற்பாட்டில் ஓட்டையும் இருந்தது. 2014 டிசம்பர் 28ஆம் தேதி சியரா லியோனிலிருந்து ஹீத்ரோ வந்த நர்ஸ் பாலின் காஃபர்க்கியின் கதை தெரிந்திருக்கும். விமான நிலையத்தில் அவருக்கு 38.2 இருந்ததை 37.2 என்று தாளில் எழுதிவிட்டார்கள். அவர் கிளாஸ்கோவுக்கு இன்னொரு விமானம் ஏறினார், மறுநாள் எபோலா என்று தெரிந்தது. அவரிடமிருந்து யாருக்கும் தொற்றவில்லை, ஆனாலும் விசாரணை அவர் தலையில்தான் விழுந்தது. 2016இல்தான் குற்றமில்லை என்று விட்டார்கள். அதற்குள் 2015 அக்டோபரில் அதே கிருமி மூளையில் மறுபடி தலைதூக்கி, சாவின் விளிம்புவரை போய்விட்டு வந்தார்.

என் வீட்டுக் கதை ஒன்று. நான் திரும்பிய கிழமை லண்டனில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பெரியம்மா போன் எடுத்தார். "தம்பி, நீ வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சனம் கதைக்கும், மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடாமல் எழும்பிப் போய்விடுவினம்." நான் போகவில்லை. அது எனக்குப் பெரிய வருத்தமாகவும் இல்லை. வாசலில் போலீஸ்காரனை நிறுத்திப் போகாதே என்று சொல்லியிருந்தால் போய்த்தான் காட்டியிருப்பேன்!

எனக்கு இன்றுவரை ஆறாதது வேறு. நாங்கள் அங்கிருந்து விமானம் ஏறி வந்துவிட்டோம், எங்களுக்காகத் தொலைக்காட்சியில் விவாதம் நடந்தது. எங்களோடு ஒரே தண்ணீர்த் தொட்டியில் கை கழுவிய சியரா லியோன் நர்ஸ்கள் ஒவ்வொரு மாலையும் தங்கள் தெருவுக்குத்தான் திரும்பிப் போனார்கள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்ன கதையை எத்தனை பேரிடம் கேட்டேன். ஆபத்தான வேலைக்கான படித்தொகை வராமல், அந்த நாட்டின் கெனிமா ஊரில் பிணம் அடக்கும் குழுவினர் வேலைநிறுத்தமே செய்தார்கள். அந்த ஊரில் லாசா காய்ச்சல் (எபோலா மாதிரி இன்னொரு ஆபத்தான வைரஸ் காய்ச்சல்) வார்டை நடத்திய டாக்டர் ஷேக் உமர் கான் 2014 ஜூலையில் எபோலாவில் இறந்துபோனார். கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்று நாடுகளிலும் மொத்தம் 11,300க்கு மேல் சாவு, அதில் 500க்கு மேற்பட்டவர்கள் மருத்துவப் பணியாளர்கள். திரும்பி வந்தால் கூடாரம் என்று தெரிந்தால் வெளிநாட்டிலிருந்து யார் போவார்கள் என்பதுதான் அப்போது எங்கள் எல்லோருடைய பயமும்.

சவுத்ஜெர்சி:

ஒரு சின்ன விஷயம் மட்டும். எங்கள் பக்கத்து ஊரான மேப்பிள் ஷேடில் ருவாண்டாவிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் 21 நாள் வீட்டில் வைத்தார்கள். ருவாண்டா கிழக்கு ஆப்பிரிக்கா, அங்கே அப்போது எபோலாவே இல்லை. மெய்ன் மாநிலத்தில் ஒரு டீச்சருக்கு டாலஸுக்கு ஒரு மாநாட்டுக்குப் போய் வந்ததற்காக 21 நாள் விடுப்பு. லூசியானாவில் இன்னும் அழகு. நியூ ஆர்லியன்ஸில் நடந்த வெப்பமண்டல மருத்துவ மாநாட்டுக்கு, எபோலா நாடுகளில் இருந்துவிட்டு வந்தவர்கள் வர வேண்டாம் என்று மாநில அரசே கடிதம் அனுப்பியது. எபோலாவைப் பற்றி அங்கே பேச வேண்டியவர்களே அவர்கள்தானே.

சென்னை ஸ்டாஃப் நர்ஸ்:

எங்களுக்கு இது தலைகீழாக நடந்தது. 2020இல் கோவிட் வார்டில் ஒரு வாரம் டூட்டி பார்த்தால் அடுத்த வாரம் ஓட்டல் அறையில் தனிமை என்று போட்டிருந்தார்கள். அந்த அறைதான் எங்களைக் காப்பாற்றியது. எனக்கு வீடு இரண்டு ரூம், அதில் மாமனாருக்குச் சர்க்கரை. மே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம், முழுப் பாதுகாப்போடு வேலை செய்தவர்களுக்குத் தனிமை தேவையில்லை, ஆபத்தான தொடர்பு ஏற்பட்டவர்களுக்கு மட்டும் போதும் என்று சொன்னதும் என் தோழிகள் அழுதார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. தனிமையில் இருக்கும் நாளை லீவாகக் கழிக்கக் கூடாது என்பதே அங்கே ஜூலைவரை பேச வேண்டிய விஷயமாக இருந்தது.

இதற்கு நடுவில் ஏப்ரல் 19ஆம் தேதி ராத்திரி கோவிட்டில் இறந்த சென்னை டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் உடலை அடக்கம் செய்யப் போன இடத்தில் கல்லடி விழுந்ததை நான் சொல்லத் தேவையில்லை. அடுத்த நாள் டூட்டிக்குப் போகும்போது யூனிஃபார்மைப் பையில் வைத்துக்கொண்டு சாதா சுடிதாரில் போனேன். என் வார்டில் பலரும் அப்படித்தான் வந்தார்கள்.

அமெரிக்காவில் அந்த நர்ஸம்மா தனிமை வேண்டாம் என்று போராடினார், நாங்கள் வேண்டும் என்று கேட்டோம். இரண்டு இடத்திலும் எங்களைக் கேட்டு யாரும் முடிவு எடுக்கவில்லை என்பதுதான் எனக்குப் படுகிறது.

டாலஸ்காரன்:

டாக்டர், அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வரவில்லை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது எங்களுக்கு 21 நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை அந்தக் குடும்பத்தையும் வாசலில் காவல் போட்டுத்தான் வைத்திருந்தார்கள். அந்த 21 நாளும் பயப்படுகிறவனுக்கு என்ன பதில்?

எடிசன்வாசி:

அதற்கு மெய்னில் ஒரு நீதிபதி பதில் எழுதியிருக்கிறார். ஹிக்காக்ஸ் நியூ ஜெர்சியிலிருந்து ஃபோர்ட் கென்ட் போனதும் அங்கே கவர்னர் பால் லெபேஜ் வீட்டுக்குள் இருக்கச் சொன்னார். ஹிக்காக்ஸ் கேமராக்கள் பார்க்கவே சைக்கிளில் ஒரு சுற்றுப் போய் வந்தார். மறுநாள், அக்டோபர் 31, நீதிபதி சார்லஸ் லாவெர்டியர் வீட்டுச் சிறை தேவையில்லை என்றார். தினமும் நேரடிக் கண்காணிப்பு, பயணம் போவதானால் சுகாதாரத் துறையோடு பேசிக்கொள்வது, அறிகுறி வந்தால் உடனே தகவல், இவ்வளவு போதும். அதோடு, மக்களின் பயம் முழுக்க அறிவுக்கு ஒத்ததல்ல, ஆனால் அது இருக்கிறது, அதை உணர்ந்து நடந்துகொள்ளுங்கள் என்று அந்த நர்ஸிடமும் சொன்னார். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொட்டு.

சென்னை சிஸ்டர் சொன்னதற்கு ஒரு பின்கதை. ஹிக்காக்ஸ் 2015இல் கிறிஸ்டி மீது வழக்குப் போட்டார். 2017 ஜூலையில் சமரசம் ஆனபோது அவர் பணம் வாங்கவில்லை. அதற்குப் பதிலாக, தனிமைப்படுத்தப்படுகிறவருக்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், வக்கீல் வைத்துக்கொள்ளவும் அந்த உத்தரவை எதிர்த்து முறையிடவும் விட வேண்டும் என்ற மாதிரி உரிமைகளை நியூ ஜெர்சி ஒத்துக்கொண்டது. அந்தத் தமிழ் வகுப்பு அம்மாவிடம் இதைச் சொன்னேன். "கார்ல உக்கார வச்சதுக்கும் எழுத்துல குடுப்பாங்களா?" என்றார்.

டாலஸ்காரன்:

எழுத்தில் காரணம், வக்கீல், கையில் சம்பளம். இவ்வளவும் இருந்தால் எனக்கு 21 நாள் தனிமை சம்மதம். இல்லாமல் அடைத்து வைப்பதற்கு நானும் ஆதரவில்லை. ஆனால் காய்ச்சல் பார்க்கிறவர் 38ஐ 37 என்று எழுதாமலும் இருக்க வேண்டும், டாக்டர்.