டேப்பை இறுக்கிய பிறகும் வரும் ரத்தம்: கல்லீரல் அறுவை அனுபவங்கள்

கல்லீரல் அறுவை மருத்துவர்:

கல்லீரலை அறுக்கும்போது அதற்குள் போகும் ரத்தத்தை டேப்பால் இறுக்கி நிறுத்துவதைப் ‘பிரிங்கிள்’ என்போம். பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள் பலர், ‘பிரிங்கிள் போட்டாச்சு, இனி ரத்தம் வராது’ என்ற நம்பிக்கையோடுதான் டேபிளுக்கு வருகிறார்கள். வரும். எங்கிருந்து வருகிறது என்று பார்த்ததுமே சொல்லத் தெரிய வேண்டும். அதற்காக என் அனுபவத்தில் இரண்டை எழுதுகிறேன்.

முதலில் டேப் விஷயம். இடது ஆட்காட்டி விரலை, கல்லீரலுக்குப் போகும் குழாய்களுக்குப் பின்னால் உள்ள வின்ஸ்லோ துவாரத்துக்குள் விட்டுக் கட்டைவிரலை முன்னால் வைத்தால், கல்லீரலுக்குப் போகும் மொத்தக் கொத்தும் இரண்டு விரல்களுக்கு நடுவே வந்துவிடும். குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் வாயிற்சிரை, கல்லீரல் தமனி, கூடவே பித்தநாளம். தமனி துடிப்பது விரலுக்குத் தெரியும். அந்தக் கொத்தைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்து, இரு முனைகளையும் ஒரு ரப்பர் குழாய்க்குள் நுழைத்து, குழாயைக் கீழே தள்ளி கிளாம்ப் போட்டால் உள்ளே போகும் ஓட்டம் நிற்கும். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம் போகிற உறுப்பு இது. அதில் முக்கால் பங்கு வாயிற்சிரை வழியாக வருவது. இறுக்கியதும் கல்லீரலின் நிறம் மங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கிளாஸ்கோவில் இருந்த ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள், அடிபட்டுக் கிழிந்த கல்லீரலின் ரத்தப்போக்கை நிறுத்த 1908-இல் எழுதிய உத்தி.

ஒரு அறுவையில் டேப்பை இறுக்கியும் இடது பக்கம் மட்டும் பழைய நிறத்திலேயே இருந்தது. வெட்டுமுகத்தில் நல்ல சிவப்பு ரத்தம் துடித்துத் துடித்து வந்தது. அப்படி வந்தால் தமனிதான். அந்த நோயாளிக்கு இடது கல்லீரல் தமனி, இடது இரைப்பைத் தமனியிலிருந்து கிளம்பி, இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் நடுவே உள்ள மெல்லிய சவ்வு வழியாகத் தனிப்பாதையில் வந்தது. அது டேப்புக்குள் சிக்காது. சி.டி.யில் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை. அதன்மேல் ரத்தக்குழாயைக் கவ்வும் சிறிய புல்டாக் கிளாம்ப் ஒன்றைப் போட்டதும் இடது பக்கமும் மங்கியது.

இரண்டாவது இதைவிடக் கடினம். வலது பாதியை எடுக்க, நடுக் கல்லீரல் சிரையை ஒட்டிப் பிரித்துக்கொண்டிருந்தோம். டேப் இறுக்கமாகத்தான் இருந்தது. திடீரென்று கறுத்த ரத்தம் பொங்கிக் குழியை நிரப்பியது. துடிப்பே இல்லை. ரத்தம் உள்ளே போகும் முன்வாசலைப் பூட்டியிருக்கிறோம், அது வெளியேறும் கல்லீரல் சிரை என்ற பின்வாசல் திறந்தே இருக்கிறது. அங்கே கண்மூடித்தனமாக கிளாம்ப் போட்டால் சின்னக் கிழிசல் பெரிதாகிவிடும். விரலால் மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலைமாட்டில் நின்ற மயக்க மருத்துவரிடம் ‘சி.வி.பி. எவ்வளவு?’ என்று கேட்டேன். இதயத்துக்குத் திரும்பும் பெருஞ்சிரையில் உள்ள அழுத்தம் அது. ஒன்பது என்றார். அது இறங்கும்வரை விரலை எடுக்கவில்லை. நான்குக்கு வந்த பிறகு விலக்கிப் பார்த்தால் ஓட்டை தெளிவாகத் தெரிந்தது. 5-0 புரோலின் என்ற மெல்லிய நூலில் ஒரே தையல், நின்றுவிட்டது.

மயக்க மருத்துவர்:

டாக்டர் சொன்ன அந்த எண்தான் எங்கள் பக்கத்துப் பொறுப்பு. கல்லீரல் சிரைகளில் ரத்தம் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு கிடையாது. அவை போய்ச் சேரும் கீழ்ப்பெருஞ்சிரையில் இருக்கும் அழுத்தம் அப்படியே வெட்டுமுகத்துக்கு வந்துவிடும். அதனால் கல்லீரலைப் பிரித்து முடிக்கும்வரை திரவத்தைக் கையைச் சுருக்கித்தான் கொடுப்போம். சி.வி.பி. 5-க்குக் கீழே, ரத்த அழுத்தத்தைத் தாங்க நார் அட்ரினலின் கொஞ்சம். ‘சிறுநீர் குறைகிறதே, ஒரு பாட்டில் ஏற்றலாமா’ என்று கை பரபரக்கும். பிரித்து முடித்து, கசிவு இல்லை என்று அவர்கள் சொல்லட்டும், அப்புறம் தாராளமாக ஏற்றலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. அழுத்தம் குறைவாக இருக்கும்போது சிரை திறந்தால், ரத்தம் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகலாம். ஒருமுறை இ.டி.சி.ஓ.2, அதாவது நோயாளி வெளிவிடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடின் அளவு, சட்டென்று சரிந்தது. நான் குரல் கொடுத்த அதே நொடியில் அறுவை மருத்துவர் அந்த இடத்தைச் சலைனால் நிரப்பினார். டேபிளின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்தோம். சிறிது நேரத்தில் மீண்டது. என் கண் ரத்த அழுத்தத்தைவிட மானிட்டரில் அந்த இ.டி.சி.ஓ.2 கோட்டின்மேல்தான் அதிகம் இருக்கும்.

இன்னொரு வேண்டுகோள்: டேப்பைத் தளர்த்தும் முன் சொல்லிவிடுங்கள். குடலில் தேங்கிய ரத்தம் ஒரேயடியாக இதயத்துக்கு வரும்போது அழுத்தம் தடுமாறும்.

தியேட்டர் செவிலியர்:

நேரம் பார்ப்பது என் வேலை. 15 நிமிடம் இறுக்கம், 5 நிமிடம் தளர்வு, மறுபடி 15. பன்னிரண்டாவது நிமிடத்தில் சத்தமாகச் சொல்வேன். ‘இன்னும் ரெண்டு நிமிஷம் சிஸ்டர்’ என்பார்கள். சரி என்று தலையாட்டினாலும் பதினைந்தில் மறுபடி சொல்லிவிடுவேன். தளர்த்தும் ஐந்து நிமிடமும் வெட்டுமுகத்தில் துணிப் பேடை வைத்து அழுத்திப் பிடித்திருப்பார்கள். ஒவ்வொரு சுற்றையும் பலகையில் எழுதி மொத்தத்தையும் கூட்டிச் சொல்வேன்.

நோயாளியின் மகள்:

அப்பாவுக்குக் கட்டியோடு கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்தார்கள். ரத்த ஓட்டத்தை நிறுத்தி நிறுத்திச் செய்தோம் என்றார் டாக்டர். மறுநாள் ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதிகள் இரண்டும் பல நூறு இருந்தன. கல்லீரல் கெட்டுவிட்டதோ என்று பயந்துபோனோம். ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வந்தது. இறுக்கியதால்தான் அப்படி ஏறியதா டாக்டர்?

கல்லீரல் அறுவை மருத்துவர்:

பெரும்பாலும் அதனால்தான் அம்மா. ரத்தம் நின்று மறுபடி பாயும்போது சில செல்கள் அடிபடும், அறுத்ததாலும் கொஞ்சம் ஏறும். முதல் ஓரிரு நாள் உச்சத்துக்குப் போய் இறங்கினால் பயமில்லை. நாங்கள் கவலையோடு பார்ப்பது மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபினையும், ரத்தம் உறையும் திறனைக் காட்டும் ஐ.என்.ஆரையும். ஐந்தாம் நாளிலும் அவை இரண்டும் இறங்காமல் இருந்தால்தான் மீதமுள்ள கல்லீரல் திணறுகிறது என்று பொருள்.

சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய், இருப்பவர்களுக்குத் தாங்கும் திறன் குறைவு. அவர்களுக்கு இறுக்கும் நேரத்தைக் குறைப்போம், அல்லது எடுக்கப்போகும் பாதிக்கு மட்டும் ஓட்டத்தை நிறுத்துவோம். ஜப்பானில் மசாதோஷி மகூச்சி 1980-களில் எழுதிய முறை அது. மற்ற பாதிக்கு ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். எல்லோருக்கும் இறுக்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. டேப்பைச் சுற்றி மட்டும் வைத்துவிட்டு, இறுக்காமலே முடித்த அறுவைகளும் உண்டு.