விழிப்பு வேறு, நனவு வேறு

நண்பர்களுக்கு வணக்கம்.

மூளைக் காயம் பற்றிய நம் தமிழ்க் கையேட்டுக்கு, 'அவேர்னஸ்' (awareness) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'விழிப்புணர்வு' போதும் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. டெங்கு விழிப்புணர்வுப் பேரணி, வாக்காளர் விழிப்புணர்வு முகாம் என்று அந்தச் சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது. அதைக்கூட விட்டுவிடலாம். கையேடு பேசுகிற நோயாளிக்கு அது பொருந்தவில்லை என்பதுதான் பெரிய சிக்கல்.

கோமாவில் சில வாரங்கள் கண்மூடிக் கிடந்தவர் ஒருநாள் கண் திறக்கிறார். பகலில் விழித்திருக்கிறார், அப்புறம் உறங்குகிறார். கொட்டாவிகூட விடுகிறார். ஆனால் மகள் வந்து பக்கத்தில் நின்றால் பார்வை அவளைத் தொடர்வதில்லை. கையைப் பிடியுங்கள் அப்பா என்றால் பிடிப்பதில்லை. கிளாஸ்கோ மருத்துவர் ஜென்னெட்டும் நியூயார்க் மருத்துவர் பிளமும் 1972-இல் 'வெஜிடேட்டிவ் ஸ்டேட்' (vegetative state) என்று பெயர் வைத்தது இந்த நிலைக்குத்தான். மூளைத்தண்டு உறக்கத்தையும் விழிப்பையும் மாறிமாறி நடத்திக்கொண்டிருக்கிறது. தன்னையும் சுற்றியிருப்பவர்களையும் அறிவதற்கான அடையாளம் எதுவும் தெரிவதில்லை. இதை 'விழிப்பு இருக்கிறது, விழிப்புணர்வு இல்லை' என்று எழுதினால் படிக்கிற செவிலியர் குழம்பித்தான் போவார்.

வெறும் 'உணர்வு' என்று வைக்கலாமே என்று ஒரு மடல் கேட்டது. அந்தச் சொல்லின் மேல் ஏற்கெனவே நிறைய பாரம் இருக்கிறது. 'ஐயுணர்வு எய்தியக் கண்ணும் பயமின்றே மெய்யுணர்வு இல்லா தவர்க்கு' என்ற ஒரே குறளில் அது புலனறிவாகவும் வருகிறது, மெய்ஞ்ஞானமாகவும் வருகிறது. 'ஊடல் உணர்தல் புணர்தல்' என்னும்போது உணர்தல் என்றால் ஊடல் தீர்வது. (எவ்வளவு அழகான பொருள், வழக்கில் இல்லாமல் போனது வருத்தம்தான்.) இன்றைக்குப் பசி உணர்வு, மொழி உணர்வு, குற்ற உணர்வு எல்லாமே உணர்வுதான். அதைவிட முக்கியமானது, நோயாளியின் வீட்டாரிடம் 'அவருக்கு உணர்வு இல்லை' என்று சொன்னால், உடம்பு மரத்துப்போய்விட்டது, வலி தெரியாது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

வீட்டார் தாங்களாகச் சொல்வது 'நினைவு'. 'கண்ணு முழிச்சிருக்காரு, ஆனா நினைவு இல்ல.' வீட்டாரிடம் பேசும்போது மருத்துவர் அந்தச் சொல்லையே சொல்லட்டும். ஆனால் அதே கையேட்டில் நினைவாற்றலும் நினைவிழப்பும் தனித்தனித் தலைப்புகளாக வருகின்றன. அங்கே இது முட்டும்.

என் பரிந்துரை 'நனவு'. நனவு என்றாலே விழித்திருப்பதுதானே என்று மறுப்பு வரும். வள்ளுவர் இரண்டையும் எங்கெங்கே வைக்கிறார் என்று பாருங்கள். 'உறங்கி விழிப்பது போலும் பிறப்பு' என்ற இடத்தில் விழிப்பு என்பது உறக்கம் கலைந்து எழுவது, அவ்வளவுதான். காமத்துப்பாலில் பிரிந்திருக்கும் தலைவி பேசுகிறாள்: 'நனவென ஒன்றில்லை ஆயின் கனவினால் காதலர் நீங்கலர் மன்.' நனவு என்று ஒன்று இல்லாவிட்டால் கனவில் வந்தவர் என்னைவிட்டுப் போகமாட்டார் என்கிறாள். அவரை அவளிடமிருந்து பிரிப்பது இமை திறந்தது மட்டுமா? அவர் இங்கே இல்லை என்று அவளுக்குத் தெரிகிறதே, அதுதான். இமை திறந்தும் அந்தத் தெரிதல் வராத ஒருவரைப் பற்றித்தான் நம் கையேடு பேசுகிறது.

சைவ சித்தாந்தமும் இதற்கு இடம் கொடுக்கிறது. நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்ற ஐந்து நிலைகளை அது பிரிப்பது, உயிரோடு எத்தனை அறிகருவிகள் சேர்ந்து இயங்குகின்றன என்பதை வைத்து. நம் காலத்து இலக்கியத் திறனாய்வில் நனவோடை (stream of consciousness), நனவிலி (unconscious) இரண்டும் நன்றாகவே வேரூன்றிவிட்டன. நனவிலி என்று எழுதும்போது யாரும் மூடிய கண்ணை நினைப்பதில்லை.

சரி, அந்த நிலைக்குப் பெயர் என்ன? ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்த 'தாவர நிலை' வேண்டவே வேண்டாம். பெற்ற பிள்ளையைச் செடி என்று ஒரு தாயிடம் சொல்ல யாருக்கு மனம் வரும்? நேற்று ஒரு மடலில் வந்த 'நனவற்ற விழிப்பு' காதுக்கு நன்றாக இருந்தாலும், அதிலும் தயங்குகிறேன். 2006-இல் நரம்பியல் ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழுவினர், இந்நிலையில் இருப்பதாகக் கருதப்பட்ட ஒரு பெண்ணை ஸ்கேன் கருவிக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். நலமாக இருப்பவர்களின் மூளை எப்படி இயங்குமோ அப்படியே அவர் மூளையும் இயங்கியது. வெளியே ஓர் அசைவும் இல்லை. உள்ளே நனவு இருந்தது. அப்படிப்பட்டவருக்கு 'நனவற்ற' என்ற பெயரைக் கட்டிவிடக் கூடாது. 2010-இல் ஐரோப்பிய மருத்துவர்கள் முன்வைத்த 'அன்ரெஸ்பான்சிவ் வேக்ஃபுல்னஸ்' (unresponsive wakefulness) என்ற புதிய பெயரும் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே சொல்கிறது. பள்ளிப் பாடநூலில் தூண்டல் (stimulus), துலங்கல் (response) படித்திருக்கிறோம். அதை எடுத்துத் 'துலங்கலற்ற விழிப்பு' என்று வைப்போம்.

இப்படி வைத்தால் வரையறையும் தடுமாறாமல் வருகிறது: 'துலங்கலற்ற விழிப்பில் இருப்பவருக்கு உறக்கமும் விழிப்பும் உண்டு, நனவு இருப்பதற்கான வெளி அடையாளம் தென்படாது.'

அடுத்து, விட்டுவிட்டு நனவு தலைகாட்டும் நோயாளிகளின் நிலைக்கு 'குறைநனவு' என்று குறித்து வைத்திருக்கிறேன். 'குறுநனவு' என்றால் கால அளவில் குறுகியது என்று பொருள்பட்டுவிடுமோ என்று தோன்றுகிறது. மருத்துவத் துறையில் இருப்பவர்கள் இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.