போர் தண்ணீரில் சவர சோப்பு நுரைக்க வழி உண்டா?

வணக்கம். மண்டபம் பக்கம் இருக்கிறேன். அப்பா மாதிரி கட்டி சோப்புக்கும் பிரஷுக்கும் மாறி ஒரு மாதம் ஆகிறது. பிரஷை ஊறவைத்து, உதறி, சோப்பின் மேல் ஒரு நிமிடம் சுழற்றுகிறேன். நுரை வருகிறது, ஒரு கன்னம் முடிவதற்குள் மோர் மாதிரி நீர்த்துவிடுகிறது. கிண்ணத்தின் ஓரத்தில் வெள்ளைப் பிசுக்கு வேறு. போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்வதால்தான் அது என்று தெரியும். (பருப்பையே வேகவிடாத தண்ணீர், சோப்பை விடுமா!) நேற்று காவிரித் தண்ணீர் அரை டம்ளர் எடுத்துக் குழைத்தேன்; கெட்டித் தயிர் போல் நின்றது. ஆனால் அது குடிக்கப் பிடித்து வைப்பது, அம்மா பார்த்தால் அவ்வளவுதான். சரி, போர் தண்ணீரிலேயே சமாளிக்க, சோப்பை இன்னும் கூடுதலாக ஏற்றணுமா? சிட்ரிக் அமிலம் ஒரு சிட்டிகை போடலாமா? போட்டுப் பார்த்தவர்கள் அளவு சொல்லுங்கள்.