பாலைவனத்தில் ஒரு வார ஊர்: பர்னிங் மேன் போனவர்கள் சொல்லுங்கள்

சன்னிவேல் புதுசு

ஆபீஸில் என் வரிசையில் உட்காருபவர்களில் பாதிப் பேர் ஆகஸ்ட் கடைசியில் லீவு போட்டுவிட்டு அமெரிக்காவின் நெவாடாவில் பிளாக் ராக் பாலைவனத்தில் நடக்கும் பர்னிங் மேன் விழாவுக்குப் போகிறார்கள். டிக்கெட் 2024-இல் 575 டாலராம், வண்டிக்குத் தனி பாஸ். தண்ணீர், சாப்பாடு, கூடாரம் எல்லாம் நாமே சுமக்க வேண்டும். பகலில் வெயில், ராத்திரி குளிர், எப்போதும் தூசி. கடைசியில் ஒரு மரப்பொம்மையைக் கொளுத்திவிட்டு வீட்டுக்கு வந்து இருமிக்கொண்டு கிடக்கிறார்கள். அடுத்த வருஷமும் கிளம்புகிறார்கள்!

சிற்பங்களின் படங்களை நிறையப் பார்த்துவிட்டேன், அது வேண்டாம். அங்கே யாரைச் சந்தித்தீர்கள், என்ன நடந்தது, அதைச் சொல்லுங்கள்.

ஓக்லண்ட் பனைமரம்

எனக்கு வாய்த்த முதல் ஆள் ஒரு சைக்கிள் மெக்கானிக். ஊர் எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் அவர் கதை விளங்கும்.

பிளாக் ராக் சிட்டி என்ற இந்த ஒரு வார ஊரைக் கடிகாரக் கணக்கில் வரைந்திருக்கிறார்கள். முள் சுழலும் மையத்தில், கடைசியில் கொளுத்தும் மரமனிதன் நிற்பான். 2 மணியிலிருந்து 10 மணி வரை நேரத்தின் பெயரில் நேர்ச்சாலைகள். அவற்றை வெட்டிக்கொண்டு வளைந்து போகும் தெருக்களில் உள்ளே இருப்பது எஸ்பிளனேடு, அதற்கு வெளியே ஆங்கில அகரவரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக மற்றவை. "எங்கே தங்கியிருக்கீங்க?" என்றால் "7.30-உம் ஈ தெருவும்" என்பதுதான் முழு விலாசம். எழுபதாயிரம் பேர் இருக்கும் அந்த ஊருக்குள் சொந்தக் காரை ஓட்டித் திரிய முடியாது. மீனாகவும் கப்பலாகவும் உருமாற்றி அனுமதி வாங்கிய வண்டிகள் மட்டும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஊர்ந்துபோகும். மற்றபடி எல்லோருக்கும் சைக்கிள்தான்.

அந்த நிலம் என்றோ வற்றிப்போன ஏரியின் அடி. காரத்தன்மை உள்ள நைசான தூசி சைக்கிள் சங்கிலிக்குள் புகுந்து எண்ணெயோடு சேர்ந்து இறுகிவிடும். என் சைக்கிள் நடுத்தெருவில் நின்றபோது கண்ணில் பட்டது சைக்கிள் பழுதுபார்க்கும் ஒரு கேம்ப். காசு கிடையாது, அந்த வேலையே அவர்கள் ஊருக்குக் கொண்டுவந்த கொடை. அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டு ஸ்பேனரை என் கையில் கொடுத்தார். "நீயே கழற்று." கழற்றினேன். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றைக் கொடுத்து ஒவ்வொரு கண்ணியாகத் தேய்க்கச் சொன்னார். ஈரமாக எண்ணெய் போட்டால் தூசி ஒட்டும் என்று சொல்லி மெழுகு கலந்த எண்ணெயை ஒவ்வொரு சொட்டாக விடச் சொன்னார். பத்து நிமிட வேலைக்கு ஒரு மணி நேரம் ஆனது. நடுவில் தன் முழங்கால் ஆபரேஷன், பேத்தியின் வயலின் வகுப்பு எல்லாம் சொல்லி முடித்துவிட்டார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்கவே இல்லை. நம் பே ஏரியா கூட்டங்களில் உட்கார்ந்ததும் விசா, வீட்டு விலை, பிள்ளையின் ஸ்கூல் ரேட்டிங் என்று ஆரம்பிப்போமே, அதற்குப் பழகிப்போன எனக்கு அது விநோதமாக இருந்தது.

கிளம்பும்போது பையிலிருந்து கடலைமிட்டாய் எடுத்து நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டார். "இதுக்குப் பதிலா அதுன்னா வியாபாரம் ஆயிடும். கொடுக்கணும்னு தோணினா வேற யாருக்காவது கொடு." பர்னிங் மேனைத் தொடங்கியவர்களில் ஒருவரான லாரி ஹார்வி 2004-இல் எழுதிவைத்த பத்துக் கொள்கைகளில் கொடையும் உண்டு, எதையும் விற்பனைச் சரக்காக்காமல் இருப்பதும் உண்டு. வெளியிலிருந்து படிக்கும்போது வெறும் போஸ்டர் வாசகம்தான். ஐஸ் கட்டி வாங்க மட்டும் காசு தேவைப்படும் ஊரில் சில நாள் இருந்தால் கை தானாகப் பர்ஸைத் தேடுவது நின்றுவிடுகிறது. காசு கொடுத்து நகர வழியில்லாததால் எதிரில் இருப்பவரோடு பேசியே ஆக வேண்டும்.

மாலையில் விளக்கேற்றும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். முன்பதிவு, நேர்காணல் எதுவும் இல்லை. வெள்ளை அங்கியை மாட்டிவிட்டார்கள். தோளில் குறுக்குக் கழி, அதில் இருபக்கமும் மண்ணெண்ணெய் லாந்தர்கள் தொங்குகின்றன. காவடி எடுப்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கழி சாயாமல் எப்படி நடப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை! ஒருவர் சுமக்க, ஒருவர் நீண்ட கோலால் லாந்தரைத் தூக்கிக் கம்பத்தில் மாட்ட, வரிசை நகரும். தெருவில் போகிறவர்கள் நின்று நன்றி சொல்வார்கள். எனக்குப் பின்னால் கழி சுமந்த பெண் ரீனோவில் நர்ஸ். ராத்திரி ஷிஃப்ட் பார்த்து அலுத்தவர் விடுமுறைக்கு வந்தும் ஏன் வேலை செய்கிறார் என்று கேட்டேன். "இங்கே சும்மா இருந்தால்தான் போரடிக்கும்" என்றார்.

சன்னிவேல், அடுத்த வருஷமும் ஏன் கிளம்புகிறார்கள் என்றால் என் பதிலும் அதுதான். டிக்கெட் வாங்கியவனை அங்கே யாரும் வாடிக்கையாளராக நடத்துவதில்லை. வந்த அன்றே ஒரு வேலை கையில் வந்துவிடுகிறது.

வேகாத வெயில்

பனைமரம் நல்லாத்தான் சொல்றாரு. ஆனா வாடிக்கையாளரே இல்லைன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். நான் போன வருஷம் எங்க பக்கத்துத் தெருவுல ஒரு சொகுசு கேம்ப். வரிசையா ஆர்.வி. வண்டியை, அதான் உள்ளயே தங்கிக்கிற வீட்டு வண்டியை, நிறுத்தி மதில் மாதிரி அடைச்சிருந்தாங்க. சம்பளத்துக்குச் சமையல்காரர், ஏசி. புழுதிக்காத்து கிளம்பி எதிர்ல நிக்கிற ஆளே தெரியலைன்னு ஒதுங்கப் போனா, கைப்பட்டை இருக்கான்னு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டான். எல்லாரையும் சேர்த்துக்கணும்ங்கிறதுதான் பத்துக் கொள்கையில முதல் கொள்கை!

1986-ல சான் பிரான்சிஸ்கோ பேக்கர் பீச்சுல ஹார்வியும் ஜெர்ரி ஜேம்ஸும் எட்டடி பொம்மையைக் கொளுத்தினப்போ கொஞ்சப் பேர்தான் நின்னு பார்த்தாங்க. 1990-ல பீச்சுல கொளுத்தக் கூடாதுன்னு போலீஸ் தடுத்ததும்தான் பாலைவனத்துக்கு வந்தாங்க. இப்போ தனி விமானத்துல வந்து இறங்குறவங்களும் இருக்காங்க. நிர்வாகமும் சும்மா இல்லை, 2019-ல ஒரு பெரிய சொகுசு கேம்ப்பைப் பேர் சொல்லி, இனி வராதீங்கன்னு அறிவிச்சுது. அதுக்காகப் பாராட்டுறேன்.

அப்புறம், அன்னிக்கு எதிர்க் கூடாரத்துக்காரங்க என்னை இழுத்து உள்ள உட்கார வச்சு, நனைச்ச துண்டைக் கொடுத்து மூக்கைக் கட்டிக்கச் சொன்னாங்க. அதையும் சொல்லணும்ல.

கேப்டவுன் வாசி

பர்னிங் மேன் போனதில்லை. அதே பாணியில் 2007-இலிருந்து நடக்கும் ஆப்பிரிக்காபர்ன் விழாவுக்கு, தென்னாப்பிரிக்காவின் டாங்க்வா கரூவுக்குப் போயிருக்கிறேன். அங்கே போகும் ஆர்355 சாலையே பாதி அனுபவம். நெடுக ஜல்லி, ஊர் கிடையாது, டயரைக் கிழிக்கும் கல். எங்களுக்கும் கிழிந்தது. பின்னால் வந்த வண்டி கேட்காமலே நின்றது. நான்கு பேர் இறங்கி ஸ்டெப்னி மாட்டிவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார்கள். நாங்கள் இன்னும் நுழைவாயிலைக்கூடப் பார்க்கவில்லை.

ஈரக்களிமண்

2023-இல் மழையில் சிக்கியவர்களில் நானும் ஒருத்தி. செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை பெய்ய ஆரம்பித்தது. தரை முழுக்கக் களியாகிவிட்டது. பத்தடி நடந்தால் செருப்புக்கு அடியில் செங்கல் கனத்துக்குச் சேறு. சாக்ஸின் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு நடந்தோம். வண்டி ஓட்டக் கூடாது என்று உத்தரவு, ஊரின் வாசலையும் மூடிவிட்டார்கள். இருக்கும் உணவையும் தண்ணீரையும் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள் என்று அறிவிப்பு வந்தது. கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் லாரி உள்ளே வர முடியவில்லை, அதைப் பற்றி மேலே எழுத மாட்டேன். நடிகர் கிறிஸ் ராக்கும் டிஜே டிப்லோவும் சேற்றில் நடந்து வெளியேறி லிஃப்ட் கேட்டுப் போனதுதான் வெளியே பெரிய செய்தி. என் அம்மா திருச்சியில் டிவியைப் பார்த்துவிட்டு நான் பிழைக்க மாட்டேன் என்றே முடிவு கட்டிவிட்டாள்.

உள்ளே நடந்தது வேறு. எங்கள் தெருவில் இருந்த கேம்ப்கள் சாமான்களை ஒரே கூடாரத்தில் சேர்த்தன. நான் கொண்டுபோன ரவையில் பெரிய பாத்திரம் நிறைய உப்புமா கிண்டினேன். உப்புமா என்றால் முகம் சுளிக்கும் நம் ஆட்கள் பார்த்திருக்க வேண்டும், வெள்ளைக்காரர்கள் இரண்டாம் தடவை தட்டை நீட்டினார்கள். எதிர்வரிசையில் இருந்த ஒரு தச்சர், ஓரேகானிலிருந்து வந்தவர், ஒட்டுப்பலகைகளை அடுக்கி வயதான தம்பதியின் கூடாரத்திலிருந்து கழிப்பறை வரை பாதை போட்டுக் கொடுத்தார். மூன்று முறை அது சேற்றில் அமிழ்ந்தது, மூன்று முறையும் தோண்டி எடுத்துப் போட்டார். சனிக்கிழமை கொளுத்த வேண்டிய மரமனிதனைத் திங்கள் இரவுதான் கொளுத்தினார்கள்.

இதைச் சொர்க்கம் என்று சொல்லவில்லை. அழுதவர்கள் உண்டு, சண்டை போட்டவர்களும் உண்டு. ஒரு உயிரும் போனது.

தென்றல் தெரு

கோயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஒவ்வொரு வருஷமும் மரத்தில் ஒரு கோயில் கட்டுகிறார்கள். சாமி, பூசாரி இல்லாத கோயில். 2000-இல் டேவிட் பெஸ்ட் என்ற சிற்பி கட்டியபோது, அவர் குழுவைச் சேர்ந்த நண்பர் விபத்தில் இறந்தார். அவருக்கான நினைவிடமாக அது மாறியது. அன்றிலிருந்து மக்கள் இறந்தவர்களுக்கான கடிதம், படம், செருப்பு, சாம்பல் என்று கொண்டுவந்து வைக்கிறார்கள்.

அப்பாவுக்குக் காரியம் நடந்தபோது விசா சிக்கலால் நான் ஊருக்குப் போக முடியவில்லை. அங்கே சுவரில் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். பேனா காய்ந்துவிட்டது. பக்கத்தில் தன் நாயின் கழுத்துப் பட்டையை ஆணியடித்துக்கொண்டிருந்த ஆள் மார்க்கரை நீட்டினார். நாய்க்குப் போய் இப்படியா என்று ஒரு கணம் எரிச்சல் வந்தது. பிறகு அவர் அந்த நாயோடு இருந்த பதினான்கு வருஷத்தைச் சொன்னார், நான் அப்பாவின் மளிகைக் கடையைச் சொன்னேன். ஞாயிறு இரவு கோயிலைக் கொளுத்தும்போது, முந்தின நாள் மரமனிதனைக் கொளுத்தியபோது இருந்த கூச்சல் எதுவும் இருக்காது.

ஓக்லண்ட் பனைமரம்

தென்றல், நன்றி. வேகாத வெயில் சொன்ன கேம்ப் மாதிரி நானும் பார்த்திருக்கிறேன், மறுக்கவில்லை. அவர்களை உடனே அடையாளம் காட்டிக்கொடுப்பது குப்பைதான். அந்தப் பாலைவனம் மத்திய அரசின் நிலம். ஏக்கருக்குச் சராசரியாக ஒரு சதுர அடிக்கு மேல் குப்பை இருந்தால் அரசின் சோதனையில் தோல்வி. எல்லோரும் போன பிறகும் ஒரு குழு வாரக்கணக்கில் தங்கி, வரிசையாக நடந்து ஜிகினா, இறகு, மரச்சிராய் வரை பொறுக்கும். எந்த கேம்ப் எவ்வளவு விட்டுச்சென்றது என்று பச்சை, மஞ்சள், சிவப்பில் வரைபடமும் வெளியிடுவார்கள். சிவப்பு வாங்கிய கேம்ப்புக்கு அடுத்த வருஷம் இடம் கிடைப்பதே சிரமம்.

சன்னிவேல் புதுசு

போவதென்று பாதி முடிவுக்கு வந்துவிட்டேன். தூசியால் கால் வெடிக்கும் என்கிறார்களே, அதற்கு என்ன வழி? வண்டி வாடகைக்கு எடுக்கலாமா?

ஈரக்களிமண்

காரத்தூசிக்கு வினிகர்தான். தண்ணீரில் கொஞ்சம் கலந்து தினமும் ராத்திரி காலைக் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவிச் சாக்ஸ் போட்டுக்கொண்டு படுங்கள். கழுவிய தண்ணீரைத் தரையில் ஊற்றக் கூடாது, அதையும் கேனில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது அந்த வெள்ளைத் தூசியைப் பார்த்ததுமே எங்கே போய்வந்தீர்கள் என்று தெரிந்துவிடும், சுத்தம் செய்யத் தனி பில் போடுவார்கள்.